மாறும் முழம்: விண்வெளியில் ஈர்ப்பலை தேடும் லேசர்கள்

பூக்கடையில் மல்லிகைச் சரத்தை முழம்போட்டுத் தருகிறார்கள். ஒருவருடைய முழம் நீளம், இன்னொருவருடையது குட்டை. ஆனாலும் ஒரே கையால், ஒரே வேளையில் அளந்த இரண்டு சரங்களில் எது நீளம் என்று கேட்டால் சரியான விடை கிடைத்துவிடும். அந்த முழம் எத்தனை அங்குலம் என்று தெரிய வேண்டியதில்லை. வெளியையே நீட்டியும் சுருக்கியும் பரவும் அதிர்வுகளான ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் லேசர் கருவிகள் அத்தனையும் இந்த நியாயத்தின் மேல்தான் நிற்கின்றன. அங்கே முழம் என்பது லேசர் ஒளியின் அலைநீளம். அது நிலையாக நிற்பதில்லை. கணந்தோறும் துளி நீளும், துளி குறுகும். தரையில் அமைத்த கருவியில் ஒளி ஓடும் இரண்டு கரங்களையும் சம நீளமாகக் கட்டி, ஒரே முழத்தால் ஒரே கணத்தில் அளந்துவிடலாம். விண்வெளியில் அதற்கு வழியில்லை. ஒரு சரத்தைக் காலை முழத்தாலும் மற்றொன்றை மாலை முழத்தாலும் அளந்துவிட்டு, இரண்டுக்கும் மயிரிழையில் கோடியில் ஒரு பங்கு வித்தியாசம் உண்டா என்று கேட்கும் நிலை அது.

இப்படிக் கேட்டு விடையும் பெற முடியும் என்று நம்பித்தான் ஐரோப்பிய விண்வெளி முகமை 2024 ஜனவரி 25 அன்று லிசா திட்டத்துக்கு இறுதி ஒப்புதல் தந்தது. மூன்று விண்கலங்கள்; அவற்றால் ஆன ஒரு முக்கோணம்; ஒவ்வொரு பக்கமும் 25 லட்சம் கிலோமீட்டர். பூமிக்கும் நிலவுக்கும் உள்ள தொலைவைப் போல அது ஆறரை மடங்கு. 2035இல் ஏரியன் 6 ஏவுகலத்தில் மூன்றையும் சேர்த்து அனுப்பத் திட்டம். லேசர்களையும் தொலைநோக்கிகளையும் தரும் பொறுப்பு அமெரிக்காவின் நாசாவுக்கு. இந்த வேலைக்குத் தேவையான லேசர் தொழில்நுட்பம் உண்மையிலேயே கைக்கு வந்துவிட்டதா என்பதுதான் இங்கே பார்க்க எடுத்துக்கொண்ட கேள்வி. பெரும்பகுதிக்கு ஆம் என்று துணிந்து சொல்லலாம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கணிதம் முன்னே போய்விட்டது; கருவி இன்னும் அதன் பின்னால் நடந்துகொண்டிருக்கிறது. அந்த இடம்தான் இந்தத் துறையின் மிக அழகான பகுதி என்பது என் எண்ணம்.

தரைக்கு எட்டாத சுருதி

2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவிகள் இரண்டும் முதன்முதலாக ஓர் ஈர்ப்பலையைப் பதிவுசெய்தன. சூரியனைப் போல 36 மடங்கும் 29 மடங்கும் நிறைகொண்ட இரண்டு கருந்துளைகள் 130 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் ஒன்றாகக் கலந்ததன் அதிர்வு அது. 4 கிலோமீட்டர் நீளக் கரங்கள் அப்போது மாறிய அளவு, ஒரு புரோட்டானின் விட்டத்தில் சில நூற்றில் ஒரு பங்கு. லேசரால் இவ்வளவு நுட்பமாக அளக்க முடியும் என்பது அன்றோடு உறுதியாயிற்று.

ஆனால் லைகோவுக்கு ஒரு கீழ்வரம்பு உண்டு. நொடிக்குப் பத்து முறைக்குக் கீழே அதிரும் அலைகள் அதற்கு ஏறக்குறைய எட்டுவதில்லை. நில அதிர்வு ஒரு காரணம். அதையாவது கண்ணாடிகளை அடுக்கடுக்கான ஊசல்களில் தொங்கவிட்டுப் பெருமளவு தடுக்கலாம். இன்னொரு காரணத்துக்கு மருந்தே இல்லை. தரை அதிரும்போது பாறையின் அடர்த்தி மாறுகிறது. மேலே காற்றின் அடர்த்தி மாறுகிறது. நகரும் பொருள் எதுவானாலும் கண்ணாடியைத் தன் ஈர்ப்பால் இழுக்கிறது. வெப்பத்துக்கும் மின்சாரத்துக்கும் ஒலிக்கும் காப்புறை போடலாம். ஈர்ப்புக்குக் காப்புறை கிடையாது.

நம் பால்வீதியின் நடுவில் இருக்கும் கருந்துளை சுமார் 40 லட்சம் சூரியன்களின் நிறைகொண்டது. பெரிய விண்மீன் மண்டலங்கள் பெரும்பாலானவற்றின் நடுவில் இப்படி ஒன்று இருக்கிறது. இரண்டு மண்டலங்கள் மோதிக் கலக்கும்போது நடுக் கருந்துளைகளும் ஒன்றையொன்று சுற்றிச் சுருங்கிக் கலக்க வேண்டும். அந்த அலை ஒருமுறை ஏறி இறங்க நிமிடங்கள் ஆகும், சிலபோது மணிக்கணக்காகும். பிரபஞ்சத்தின் மிகப் பெரிய நிகழ்ச்சிகள் மந்தர ஸ்தாயியில் பாடுகின்றன. தரையிலுள்ள கருவிக்குத் தாரம் மட்டுமே கேட்கிறது. நொடியில் ஒன்று முதல் பத்தாயிரத்தில் ஒன்று வரையிலான அதிர்வெண்களைப் பிடிக்க வேண்டுமானால் பூமியை விட்டுத்தான் போக வேண்டும். நீண்ட அலைக்கு நீண்ட கரமும் வேண்டும்.

யோசனை புதிதல்ல. எம்ஐடியின் ரெய்னர் வைஸ் 1972இல் எழுதிய உள்ளறிக்கை, ஒளிகளை ஒன்றுசேர்த்து நீள வேறுபாட்டை அளக்கும் லேசர் குறுக்கீட்டுமானியில் எந்தெந்த இரைச்சல் எவ்வளவு இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்டது. தரைக் கருவிகளின் வேர் அங்கே இருக்கிறது. விண்வெளிக் கருவியின் வேர் கொலராடோவின் போல்டர் நகரில் இருக்கிறது. அங்கே பீட்டர் பெண்டரும் ஜேம்ஸ் ஃபாலரும் 1980களின் தொடக்கத்தில் சூரியனைச் சுற்றும் மூன்று கலங்களுக்கு இடையே லேசர் ஓட்டும் திட்டத்தை வரைந்தார்கள். லாகோஸ் என்று அதற்குப் பெயர். இன்றைய லிசாவை அந்த வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால் எலும்புக்கூடு அப்படியே பொருந்துகிறது. நடுவில் 40 ஆண்டுகள் போனது எலும்புக்குச் சதை தேடத்தான்.

தொடாமல் காக்கும் உள்ளங்கை

லேசர் எதிலிருந்து எதுவரை அளக்கிறது? கலத்திலிருந்து கலம் வரை என்று சொன்னால் தவறாகிவிடும். சூரிய ஒளியே கலத்தைத் தள்ளும். சூரியக் காற்றும் தள்ளும். அந்தத் தள்ளாட்டத்தில் ஈர்ப்பலை மூழ்கிப்போகும். அதனால் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் இரண்டு கனசதுரங்கள் எதையும் தொடாமல் மிதக்கின்றன. பொன்னும் பிளாட்டினமும் கலந்த உலோகம். பக்கம் 46 மில்லிமீட்டர். எடை ஏறத்தாழ 2 கிலோ. காந்தப்புலம் இழுக்காதபடி அந்தக் கலவை விகிதம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அளவு ஒரு கனசதுரத்திலிருந்து 25 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள இன்னொரு கனசதுரம் வரை.

எரியும் அகல்விளக்கைக் கோயிலுக்கு எடுத்துப் போகும்போது காற்று படாமல் உள்ளங்கையைக் குவித்து மறைப்போம். கை சுடரைத் தொடாது, ஆனால் சுடர் போகும் பக்கமெல்லாம் கூடவே போகும். கலத்தின் வேலையும் அதுதான். கனசதுரம் ஈர்ப்புக்கு மட்டும் கட்டுப்பட்டுத் தன் போக்கில் விழுந்துகொண்டிருக்கும். கலம் நுண்ணிய வாயுப் பீச்சிகளால் தன்னை நகர்த்திக்கொண்டு அதைச் சூழ்ந்தே வரும்.

இது முடியுமா என்பதை லிசா பாத்ஃபைண்டர் தீர்த்துவைத்தது. 2015 டிசம்பர் 3 அன்று பிரெஞ்சு கயானாவின் கூருவிலிருந்து கிளம்பிய அந்தக் கலத்தில் 25 லட்சம் கிலோமீட்டர் 38 சென்டிமீட்டராகச் சுருக்கப்பட்டிருந்தது. இரண்டு கனசதுரங்களும் ஒரே கலத்துக்குள். இத்தாலியின் டிரென்டோ பல்கலைக்கழகத்து ஸ்டெஃபானோ விட்டாலேயும் ஜெர்மனியின் ஹனோவரில் கார்ஸ்டன் டான்ஸ்மானும் தலைமை ஏற்றார்கள். முதல் முடிவு 2016 ஜூனில் வந்தபோதே வைத்த இலக்கைவிட ஐந்து மடங்கு அமைதி கிடைத்திருந்தது. கனசதுரத்தின் மேல் எஞ்சிய விசை ஒரு பாக்டீரியாவின் எடை அளவே. 2017இல் பணி முடிவதற்குள் அது இன்னும் குறைந்து, லிசாவுக்கே தேவையான அளவையும் தாண்டியது.

அந்த வெற்றியில் லேசருக்கு உரிய பங்கு தனியாகச் சொல்லத்தக்கது. கனசதுரங்களின் இடைவெளியை அளந்த குறுக்கீட்டுமானியின் இரைச்சல் சுமார் 35 ஃபெம்டோமீட்டர். ஓர் அணுவின் விட்டத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அதன் கண்ணாடிகளும் ஒளிபிரிப்பிகளும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பதிக்கப்பட்டவை. பசையோ திருகாணியோ இல்லை. இரண்டு கண்ணாடிப் பரப்புகளுக்கு நடுவே துளி காரக் கரைசலை விட்டால் அது இரண்டையும் வேதியியல் பிணைப்பால் ஒன்றாக்கிவிடும். பிறகு பிரிக்க நினைத்தால் உடைக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு துண்டையும் அதன் இடத்தில் வைத்துப் பிணைத்தவர்களின் கை நேர்த்தி அங்கே ஃபெம்டோமீட்டராக அளக்கப்பட்டது.

கனசதுரத்தின் கதையில் லேசரல்லாத இன்னொரு ஒளியும் வருகிறது. விண்கதிர்கள் கலத்தைத் துளைத்துக்கொண்டு போகும்போது கனசதுரத்தில் மின்னேற்றம் சேரும். மின்னேற்றம் சேர்ந்தால் சுற்றுச்சுவர் அதை இழுக்கும். கம்பி கட்டி வடிக்க முடியாது, தொட்டால் போயிற்று. புறஊதா ஒளியைப் பாய்ச்சி எலக்ட்ரான்களை உதிர்த்து அந்த மின்னேற்றத்தை நீக்குகிறார்கள்.

இரண்டு வாட்டும் எட்டேகால் நொடியும்

இனி நீண்ட தொலைவு. லிசாவின் லேசர் அகச்சிவப்பில் 1064 நானோமீட்டர் அலைநீளம் உடையது. வெளியே போகும் திறன் சுமார் 2 வாட். இரவில் வீட்டில் எரியவிடும் சிறு எல்இடி விளக்கின் கணக்கு. லைகோவின் கரங்களுக்குள் ஒளி முன்னும் பின்னும் ஓடி இரண்டு லட்சம் வாட்டுக்கு மேல் சேர்கிறது. விண்வெளிக் கருவிக்கு அந்த முரட்டு ஒளி தேவைப்படவில்லை. அதன் கரத்தின் நீளமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. 4 கிலோமீட்டரில் புரோட்டானின் துணுக்காக இருக்கும் மாற்றம் 25 லட்சம் கிலோமீட்டரில் சில பிக்கோமீட்டராக வளர்ந்துவிடும். ஓர் அணு சுமார் 100 பிக்கோமீட்டர். அணுவில் நூற்றில் சில பங்கை அளந்தால் போதும் என்பது இந்தத் துறையில் பெரிய ஆறுதல்.

ஒவ்வொரு கலத்திலும் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு தொலைநோக்கிகள், இரண்டு திசைகளைப் பார்த்தபடி. வெப்பத்தால் ஏறக்குறைய விரியாத ஜெர்மானியக் கண்ணாடிப் பீங்கானால் ஆனவை; முதன்மை ஆடிக்கு அகச்சிவப்பை நன்றாகத் திருப்பும் பொன்பூச்சு. முன்மாதிரி ஒன்று 2024இல் நாசாவின் கோடார்டு மையத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தத் தொலைநோக்கியிலிருந்து எவ்வளவு இறுக்கமாகக் கற்றையை அனுப்பினாலும் அடுத்த கலத்தை அடைவதற்குள் அது பத்து கிலோமீட்டருக்கும் மேல் அகன்றுவிடும். ஒளியின் இயல்பு அது. எந்த ஆடியாலும் மாற்ற முடியாது. அந்த அகன்ற வெளிச்சத்தில் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழுவதுதான் நமக்கு. 2 வாட் கிளம்பி, எட்டேகால் நொடி பயணம் செய்து, ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவாக வந்து சேர்கிறது.

சாதாரணக் குறுக்கீட்டுமானியில் தொலைவில் ஒரு கண்ணாடி இருக்கும். ஒளி பட்டுத் திரும்பும். இங்கே அப்படித் திருப்பினால் இரண்டாவது பயணத்திலும் அதே விகிதத்தில் ஒளி மெலிந்து, சில நொடிக்கு ஒரு ஒளித்துகள் என்ற கணக்கில் திரும்பி வரும். அதில் எதையும் அளக்க முடியாது. ஆகவே எதிர்க் கலம் வந்து சேரும் ஒளியைக் கேட்டு, அதன் சுருதிக்குத் தன் லேசரைச் சேர்த்து, புதிதாக 2 வாட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். அஞ்சலோட்டத்தில் கோலை வாங்கிக்கொண்டு புதுக் கால்கள் ஓடுவதைப் போல.

சுருதி சேர்ப்பது என்று சொன்னது உவமைக்காக மட்டுமல்ல. தம்புராவின் இரண்டு கம்பிகள் மயிரிழை விலகி நின்றால் ஒலி எழும்பி எழும்பித் தாழும். பள்ளி இயற்பியல் அதை விம்மல் என்கிறது. லிசா கேட்பது ஒளியின் விம்மலை. லேசர் நொடிக்கு 282 லட்சம் கோடி முறை அதிர்கிறது. எந்த மின்னணுக் கருவியும் அதை நேரடியாக எண்ண முடியாது. தொலைவிலிருந்து வந்த ஒளியையும் உள்ளூர் லேசரின் ஒளியையும் ஒரே உணரியில் சேர்த்தால், இரண்டின் வேறுபாடு மட்டும் நொடிக்குச் சுமார் ஐம்பது லட்சம் முதல் இரண்டரைக் கோடி முறை வரை விம்மும். அதைத் தாராளமாக எண்ணலாம். கலங்கள் ஒன்றையொன்று நோக்கி நொடிக்குப் பத்து மீட்டர் வரை நெருங்கியும் விலகியும் போவதால் டாப்ளர் விளைவில் அந்த விம்மல் எப்போதும் மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்தைத் தொடர்ந்து பின்பற்றி, ஒவ்வொரு விம்மலையும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரை பிரித்துப் படிக்க வேண்டும். அதுதான் பிக்கோமீட்டர்.

கலத்துக்குக் கலம் லேசர் இணைப்பு என்பதும் வெறும் காகிதத் திட்டமாக இல்லை. 2018 மே 22 அன்று ஏவப்பட்ட கிரேஸ் ஃபாலோ-ஆன் இரட்டைக் கலங்கள் பூமியைச் சுற்றுகின்றன. இடைவெளி சுமார் 220 கிலோமீட்டர். ஆறும் ஏரியும் நிலத்தடி நீரும் பனிப்பாறையும் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பதை ஈர்ப்பின் மாற்றத்தால் அறியும் பணி அவற்றுடையது. அதற்கு முந்திய கிரேஸ் இணைதான் வட இந்தியாவில் நிலத்தடி நீர் எப்படி வற்றுகிறது என்று விண்ணிலிருந்து காட்டியது. புதிய இணையில் வழக்கமான நுண்ணலை அளவையோடு ஒரு லேசர் அளவையையும் சோதனைக்காகச் சேர்த்தார்கள். நாசாவும் ஜெர்மனியும் சேர்ந்து செய்த அந்தக் கருவி 2018 ஜூனில் முதல் முயற்சியிலேயே எதிர்க் கலத்தின் ஒளியைப் பிடித்துப் பூட்டிக்கொண்டது. இரு விண்கலங்களுக்கு இடையே இயங்கிய முதல் லேசர் குறுக்கீட்டுமானி அதுதான். வேகமான மாற்றங்களில் நானோமீட்டருக்கும் கீழே அளந்தது. கருந்துளைக்காக வளர்த்த கலை முதலில் உழவனின் கிணற்றுக்குப் பயன்பட்டது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

காலை முழமும் மாலை முழமும்

இப்போது தொடக்கத்தில் சொன்ன முழத்துக்கு வருவோம். லைகோவில் ஒரே லேசரை இரண்டாகப் பிரித்து இரண்டு கரங்களிலும் ஓட்டி மறுபடி சேர்க்கிறார்கள். கரங்கள் சமம். அதனால் திரும்பிச் சேரும் இரண்டு ஒளிகளும் ஒரே கணத்தில் கிளம்பியவை. அந்தக் கணத்தில் லேசர் எப்படித் தடுமாறியிருந்தாலும் இரண்டிலும் ஒரே தடுமாற்றம். கழித்தால் போய்விடும்.

லிசாவின் முக்கோணம் அப்படி நிற்காது. ஒவ்வொரு கலமும் தன் தன் பாதையில் சூரியனைச் சுற்றுகிறது. பூமிக்குச் சுமார் 5 கோடி கிலோமீட்டருக்கு அப்பால், பூமியின் பாதைத் தளத்துக்கு 60 பாகை சாய்ந்து, வண்டிச் சக்கரம் போல உருண்டபடி முக்கோணம் ஏறக்குறையக் குலையாமல் போகும். ஏறக்குறையத்தான். பக்கங்களின் நீளம் ஒரு விழுக்காடு அளவுக்கு மாறும். கோணங்கள் ஒரு பாகை அளவுக்கு விரிந்து சுருங்கும். கரங்களுக்கு இடையே பல்லாயிரம் கிலோமீட்டர் வித்தியாசம் வந்துவிடுகிறது. அத்தோடு லேசரும் ஒன்றல்ல. ஒவ்வொரு கலத்திலும் இரண்டு, ஆக ஆறு முழங்கள். ஒன்றை ஒரு கண்ணாடிக் குழிவின் நிலையான நீளத்துக்குப் பூட்டி, மற்றவற்றை அதன் சுருதிக்குச் சேர்த்து எவ்வளவு அடக்கினாலும் எஞ்சும் தடுமாற்றம், தேடும் அலையைவிட ஏறத்தாழப் பத்துக் கோடி மடங்கு பெரிது.

இவ்வளவு இரைச்சலுக்கு நடுவே எதையும் கேட்க முடியாது என்று ஒருவர் கைவிட்டிருந்தால் அதில் குறை சொல்ல இடமில்லை. 1999இல் மாசிமோ டின்டோவும் ஜான் ஆம்ஸ்ட்ராங்கும் எழுதிய கட்டுரை வேறு வழி காட்டியது. ஒளிகளைக் கலத்தில் சேர்த்துக் கழிக்க வேண்டாம். ஒவ்வொரு இணைப்பின் அளவையும் தனித்தனியே பதிவுசெய்து பூமிக்கு அனுப்புங்கள். இங்கே, கணினியில், ஒரு பதிவை ஒளி ஒரு கரத்தைக் கடக்கும் எட்டேகால் நொடி பின்னே நகர்த்தி, இன்னொன்றைப் போய்வரும் பதினாறரை நொடி நகர்த்தி, சரியான கணங்களை அருகருகே வைத்துக் கழியுங்கள். காலை முழத்தால் அளந்ததைக் காலை முழத்தோடும் மாலை முழத்தால் அளந்ததை மாலை முழத்தோடும் சேர்த்துவிட்டால் முழத்தின் தடுமாற்றம் விழுந்துவிடும். ஈர்ப்பலை மட்டும் விழாமல் நிற்கும், ஏனெனில் அது ஒவ்வொரு கரத்தையும் வேறு வேறு விதமாக நீட்டுகிறது. காலத்தாழ்வுக் குறுக்கீட்டு முறை என்று இதைச் சொல்லலாம். ஒளி இங்கே வெறும் பதிவைத் தருகிறது. உண்மையான குறுக்கீட்டுமானி எண்களுக்குள் கட்டப்படுகிறது.

எந்தெந்தச் சேர்க்கைகள் இப்படி இரைச்சலை நீக்கும் என்று கண்டுபிடிப்பது தனிக் கணிதம். முதலில் அவற்றை ஒவ்வொன்றாகக் கண்டெடுத்தார்கள். புனேயில் உள்ள ஐயுகா மையத்தின் சஞ்சீவ் துரந்தர், ராஜேஷ் நாயக், பிரான்சின் ழான்-ஈவ் வினே ஆகிய மூவரும் 2002இல் வெளியிட்ட கட்டுரைதான் அவற்றுக்கெல்லாம் அடியிலுள்ள இயற்கணிதக் கட்டமைப்பை வெளிக்கொணர்ந்தது. தாழ்வுகளைப் பல்லுறுப்புக்கோவையின் மாறிகளாக எடுத்துக்கொண்டால், இரைச்சலை நீக்கும் சேர்க்கைகள் முழுவதும் ஒரு சில அடிப்படைச் சேர்க்கைகளிலிருந்து பிறக்கும் ஒரு குடும்பம் என்று அவர்கள் நிறுவினார்கள். பின்னர் டின்டோவும் துரந்தரும் சேர்ந்து எழுதிய விரிவான மதிப்பாய்வு இந்தத் துறைக்கு வருபவர்களின் பாடநூலாகவே ஆகிவிட்டது. முக்கோணம் குலையாமல் உருளும் பாதையின் கணிதத்திலும் துரந்தர், நாயக் குழுவின் பங்கு உண்டு. லிசாவின் வன்பொருளில் இந்தியாவின் பெயர் பெரிதாக இல்லை. அதன் மூளையில் இருக்கிறது. இதை நம் ஊரில் போதிய அளவு பேசவில்லை என்ற ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு.

கதை அதோடு முடியவில்லை. முதல் கணக்கு முக்கோணம் அசையாமல் நிற்பதாக வைத்துக்கொண்டது. அது சுழல்கிறது, சுழலும்போது வலம் வரும் ஒளிக்கும் இடம் வரும் ஒளிக்கும் ஒரே நேரம் ஆகாது. நீளங்களும் நொடிக்கு நொடி மாறுகின்றன. 2003 முதல் இவற்றையும் கணக்கில் கொண்ட இரண்டாம் தலைமுறைச் சேர்க்கைகள் வந்தன. இவை ஒரே தடத்தில் இருமுறை, எதிரெதிர்த் திசையில் நடந்து முதல் சுற்றில் எஞ்சியதை அடுத்த சுற்றில் அடைக்கின்றன.

சேர்க்கைகள் பலிக்க வேண்டுமானால் எவ்வளவு நகர்த்துவது என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். 25 லட்சம் கிலோமீட்டரை ஒரு மீட்டருக்குள் அறிந்திருக்க வேண்டும். அதற்கும் அதே லேசரைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒளியின் ஒரு சிறு பங்கில் தற்போக்கானது போலத் தோன்றும் ஒரு குறியீட்டு வரிசையை ஏற்றி அனுப்பி, எதிர்முனையில் அதே வரிசையின் நகலோடு ஒப்பிட்டு எவ்வளவு தாமதம் என்று படிக்கிறார்கள். நம் கைப்பேசியில் இடம் காட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் செய்வதும் இதைத்தான். கடிகாரங்களும் ஒத்துப்போகாது. மூன்று கலங்களின் கடிகாரத் தடுமாற்றத்தையும் லேசரின் ஓரங்களில் ஏற்றிய கூடுதல் அதிர்வுகளாக ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அனுப்பிக் கழிக்க வேண்டும். ஒரே ஒளிக்கற்றை முழக்கோலாகவும் கடிகாரமாகவும் தபாலாகவும் வேலை செய்கிறது.

நான் தொடக்கத்தில் சொன்ன குறை இங்கேதான் இருக்கிறது. கனசதுரத்தின் அமைதி விண்ணில் நிறுவப்பட்டது. கலத்துக்குக் கலம் லேசர் பூட்டு விண்ணில் நிறுவப்பட்டது. காலத்தாழ்வுக் கழித்தலோ ஆய்வுக்கூட மேசைகளில் மின்னணுத் தாமதங்களை வைத்தும் கணினிப் பாவனைகளிலும் மட்டுமே காட்டப்பட்டிருக்கிறது. 25 லட்சம் கிலோமீட்டர் பூமியில் எங்கும் கிடைக்காது. முழு அளவில் சோதிக்க லிசாவையே பறக்கவிட வேண்டும். இது அச்சப்பட வேண்டிய இடைவெளி என்று நான் நினைக்கவில்லை. கழித்தல் பூமியில் நடக்கிறது. பதிவுகள் நன்றாக வந்துவிட்டால், சேர்க்கையில் பிழை இருந்தாலும் திருத்தித் திரும்பக் கணக்கிடலாம். விண்ணில் தவறினால் திருத்த முடியாதவை வேறு.

வயதாகக் கூடாத லேசர்

அவற்றில் முதலாவது லேசரே. அதன் நெஞ்சில் இருப்பது சில மில்லிமீட்டர் அளவுள்ள ஒரே படிகம். 1985இல் ஸ்டான்ஃபோர்டில் தாமஸ் கேனும் ராபர்ட் பையரும் உருவாக்கிய வடிவம் அது. ஒளி படிகத்தின் முகங்களிலேயே பட்டுத் திரும்பி, ஒரே தளத்தில் அடங்காத வளையமாக, ஒரே திசையில் சுற்றும். தனித்தனி ஆடிகள் இல்லை. ஆட என்று ஏதும் இல்லை. இயல்பிலேயே இவ்வளவு அமைதியான லேசர்கள் அரிது. லைகோவின் ஒளியும் இதே வகைப் படிகத்திலிருந்துதான் கிளம்புகிறது. லிசாவில் இந்தச் சிறு ஒளியை இட்டெர்பியம் கலந்த ஒளியிழை 2 வாட்டுக்குப் பெருக்குகிறது.

படிகம் மூப்படையாது, இழையும் அதைத் தூண்டும் டயோடுகளும் மூப்படையும். கதிர்வீச்சு இழையைக் கறுக்கவைக்கும். ஒன்றரை ஆண்டுப் பயணம், நான்கரை ஆண்டு அறிவியல் பணி, முடிந்தால் அதற்கு மேலும். அத்தனை காலமும் திறன் குறையக் கூடாது, தடுமாற்றம் கூடக் கூடாது. அதனால்தான் ஒவ்வொரு லேசருக்கும் மாற்று லேசர் உண்டு. 2021இல் கோடார்டு மையம் செய்த முன்மாதிரி சுவிட்சர்லாந்தின் நூஷாட்டெலில் உள்ள ஆய்வு நிறுவனத்துக்கு, வேறு கைகளால் சோதிக்கப்படுவதற்காக அனுப்பப்பட்டது. செய்தவர் ஒரு கண்டத்தில், சோதிப்பவர் மற்றொரு கண்டத்தில் என்ற இந்த ஏற்பாடு மெதுவானதுதான், நல்ல ஏற்பாடு.

இரண்டாவது, நடுக்கம். கலம் துளி திரும்பினாலும் கற்றை கனசதுரத்தில் படும் இடம் மாறி, இல்லாத நீளம் இருப்பதாகக் காட்டும். பாத்ஃபைண்டரே இந்தக் கோளாறைக் கண்டு, கணக்கில் கழித்துக் காட்டியது. லிசாவில் அது பெரிய அளவில் வரும். சிதறொளி மூன்றாவது. ஒரே தொலைநோக்கி 2 வாட்டை வெளியே அனுப்பிக்கொண்டே அதைவிட ஆயிரம் கோடி மடங்கு மெலிந்த ஒளியை உள்ளே வாங்குகிறது. ஆடியில் ஒட்டிய ஒரு தூசி போதும் வெளியே போகும் ஒளியை உணரிக்குள் திருப்பிவிட. தூசி, அதிலும் ஏவும் நாள் வரை சேரும் தூசி, பொறியாளர்களின் உறக்கத்தைக் கெடுப்பதாக இருக்க வேண்டும்.

பணமும் ஒரு தடுமாற்றம்தான். 2011இல் நிதி நெருக்கடியால் நாசா கூட்டாண்மையிலிருந்து விலகியது. ஐரோப்பா தனியே தாங்கக்கூடிய அளவுக்குத் திட்டத்தைச் சுருக்கி, மூன்றாவது கரத்தையே வெட்டிப் போட்டது. மூன்றாவது கரம் அலங்காரமல்ல. அது இருந்தால்தான் ஈர்ப்பலை ஏறக்குறையத் தெரியாமல் கருவியின் இரைச்சல் மட்டும் தெரியும் ஒரு சேர்க்கையை உருவாக்க முடியும். எது வானம், எது கருவி என்று பிரித்தறிய அதுவே துணை. லைகோவின் கண்டுபிடிப்பும் பாத்ஃபைண்டரின் வெற்றியும் அடுத்தடுத்து வந்த பிறகு, 2017இல் தேர்வான வடிவத்தில் மூன்று கரங்களும் திரும்பி வந்தன. வெட்டிய அந்த ஆறாண்டுகள் லேசர் வேலையையும் பின்னுக்குத் தள்ளின என்றே நினைக்கிறேன்.

சீனா இரண்டு வழிகளில் போகிறது. தாய்ஜி திட்டம் லிசாவைப் போலவே சூரியனைச் சுற்றும். கரம் 30 லட்சம் கிலோமீட்டர். தியான்சின் பூமியையே சுற்றும். கரம் சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் கிலோமீட்டர். இரண்டின் முதல் சோதனைக் கலங்களும் 2019இல் பறந்தன. ஜப்பானின் டெசிகோ 1000 கிலோமீட்டர் கரத்தில் ஒளியை முன்னும் பின்னும் ஓடவிட எண்ணுகிறது. லிசாவுக்கும் லைகோவுக்கும் நடுவிலுள்ள சுருதிகளுக்கு அது ஏற்றது, ஆனால் நகரும் கலங்களுக்கு இடையே ஆடிகளை அவ்வளவு நுட்பமாகப் பிடித்து நிறுத்துவது இன்னொரு தலைமுறையின் வேலை. இந்தியாவில் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோவின் மூன்றாவது கருவிக்கு 2023இல் ஒப்புதல் கிடைத்தது. அது தரைக் கருவி. விண்வெளிக்கான லேசர் இணைப்பை இங்கேயே சோதித்துப் பார்க்க இரண்டு சிறு கலங்கள் போதும். கணிதத்தில் முன்னே நின்ற நாடு அதையும் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம்.

எல்லாம் சரியாக இயங்குகிறது என்று எப்படித் தெரியும்? கருந்துளை மோதலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கடக விண்மீன் கூட்டத்தில் எச்எம் கான்கிரி என்ற இணை இருக்கிறது: எரிந்தடங்கிய இரண்டு விண்மீன்கள், வெண்குறு விண்மீன்கள், 5.4 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. தொலைநோக்கிகள் அந்தச் சுற்றை ஆண்டுக்கணக்கில் கண்காணித்து, ஆண்டுக்குச் சற்றேறக்குறைய 1.2 மில்லிநொடி அது சுருங்குவதையும் கண்டிருக்கின்றன. ஈர்ப்பலை ஒரு சுற்றுக்கு இருமுறை ஏறி இறங்கும். ஆகவே 2 நிமிடம் 40 நொடிக்கு ஓர் அலை, இடைவிடாமல், இப்போதும் இந்த அறையின் ஊடாகவும் போய்க்கொண்டிருக்கிறது. தியான்சின் தன் முக்கோணத்தின் முகத்தை அந்த இணையை நோக்கியே திருப்பி வைக்கத் திட்டமிட்டிருக்கிறது. லிசாவின் ஆறு லேசர்களும் பூட்டிக்கொண்டு, பதிவுகள் பூமிக்கு வந்து, தாழ்வுகளைக் கழித்து, பத்துக் கோடி மடங்கு இரைச்சல் விழுந்த பிறகு, 160 நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அந்தக் கோடு, இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய உயரத்தில் தெரிய வேண்டும்.